ராஜா வாயில் போட்ட நீதி

முன்னொரு காலத்தில் ஏலமலை நாட்டை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்கவே அவனுக்கு இரண்டு ஆள் வேண்டும்! பௌர்ணமிதோறும் கோயில் துலாபாரத்தில் அவன் ஒரு தட்டில் உட்கார, மறு தட்டில் வெல்லம் வைப்பார்கள். ஒரு பௌர்ணமியில் சங்கிலி அறுந்து ராஜா மல்லாக்க விழுந்தான். கோயில் யானைகூடத் திரும்பிப் பார்த்ததாம். ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இனி மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சிதான். விடிந்ததும் கோட்டையைச் சுற்றி நடப்பேன்" என்றான்.

சொன்னபடி செய்தான், அதில் குறையில்லை. மடைப்பள்ளிச் சமையல்காரி வேலம்மை கஞ்சி காய்ச்சினாள். மழைக்காலம் முழுக்க எடை இறங்கியது. மழை நின்று ஆற்றில் தண்ணீர் வடிந்ததும் எடையும் நின்றுவிட்டது. அதே கஞ்சி, அதே நடை. துலாபாரத்தில் மட்டும் ஒரு கட்டி வெல்லம் குறையவில்லை. நடையைக் கூட்டினான், கஞ்சியைக் குறைத்தான். ஊஹூம்!

அரண்மனை மணியக்காரர் நாகலிங்கம் இதற்குத்தான் காத்திருந்தார். தன் மைத்துனனை மடைப்பள்ளியில் நுழைக்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. சபையில் எழுந்தார். அவர் வாய் திறக்கும் முன் நடந்ததைக் கவனியுங்கள்: மடியிலிருந்து ஓர் அதிரசம் எடுத்து ராஜா வாயில் வைத்தார். அந்த நாட்டு வழக்கம் அது. சபையில் பேச வருகிறவன் முதலில் ராஜா வாயை இனிக்க வைக்க வேண்டும். ராஜா அதை விழுங்கினால் வழக்கு விசாரணைக்கு வந்ததாக அர்த்தம். இனிப்பு கொண்டுவராதவன் பேசவே கூடாது.

"மன்னா, வேலம்மை கஞ்சியில் நெய்யைக் கரைத்து ஊற்றுகிறாள்!" என்றார் நாகலிங்கம்.

வேலம்மையை இழுத்துவந்தார்கள். பாவம், வாய் திறந்தாள். "இனிப்பு எங்கே?" என்று காவலன் தடுத்தான். மடைப்பள்ளிக்குள் ஒரு துண்டு வெல்லம்கூட நுழையக் கூடாது என்பது ராஜா போட்ட உத்தரவு. அதை மதித்தவள் வெறுங்கையோடு நின்றாள். வெறுங்கையோடு நின்றதால் அவள் பேச்சு எடுபடவில்லை. அநியாயம் இல்லையா இது? சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

"கையில் சூடு போட்டு எல்லைக்கு அப்பால் விரட்டுங்கள்" என்றான் ராஜா.

அமைச்சர் செங்கோடர் அவசரமாக ஒரு கற்கண்டை ராஜா வாயில் போட்டார். "மன்னா, நாளை பொழுது சாயும்வரை பொறுங்கள். தங்கள் எடையை இறங்கவிடாத ஆளைச் சாட்சியோடு பிடித்துத் தருகிறேன்."

"பிடிக்காவிட்டால்?"

"என் கையிலும் சூடு போடுங்கள்."

மறுநாள் காலை சபை வாசலில் செங்கோடர் ஓர் அண்டாவை வைத்தார். வழக்கு சொல்ல வந்தவர்களிடம், "ராஜா வாய்க்கு என்ன கொண்டுவந்தாயோ, அதே அளவு இந்த அண்டாவிலும் போட்டுவிட்டு உள்ளே போ" என்றார். அறுவடைக் காலம் வேறு. வரப்புச் சண்டை, மாட்டுச் சண்டை, மாமியார் சண்டை என்று ஊரே திரண்டுவந்தது. அதிரசம், எள்ளுருண்டை, பணியாரம், பொரிவிளங்காய் எல்லாம் விழுந்தன. நாகலிங்கம் மட்டும் எழுந்து எழுந்து பேசி அண்டாவில் கால்பங்கை நிரப்பினார்.

பொழுது சாய்ந்தது. இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிவந்து ராஜா முன்னால் இறக்கினார்கள்.

"மன்னா, இன்று ஒரே ஆள் தின்றது இவ்வளவு."

ராஜா எட்டிப் பார்த்துக் கொதித்தான். "நான் கஞ்சி குடித்துக் காய்கிறேன், எவனோ இப்படித் தின்கிறானா? அவனுக்கு வயிறா, நெற்குதிரா? இந்த அண்டாவை அவன் தலையில் ஏற்றி ஊர் பார்க்கக் கோட்டையைச் சுற்ற விடுங்கள்!"

"யாராக இருந்தாலுமா?"

"என் மாமனாராக இருந்தாலும்!"

"அப்படியானால் எழுந்திருங்கள் மன்னா. தின்றது தாங்கள்தான். தங்கள் வாயில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஜோடி இதில் இருக்கிறது. மழையில் ஆறு பெருகி வழக்குக்கு ஆள் வரவில்லை, எடை இறங்கியது. தண்ணீர் வடிந்ததும் ஊர் வந்துவிட்டது."

"நான் எங்கே தின்றேன்? அது நீதியய்யா, சாப்பாடு இல்லை!"

"நீதி என்று தங்களுக்குத் தெரியும். வயிற்றுக்கு யார் சொல்வது?"

நாகலிங்கம் துள்ளி எழுந்தார். "அரசரையே தின்னி என்கிறார்!" பழக்கதோஷத்தில் கை மடிக்குப் போய் அதிரசத்தோடு வெளியே வந்தது. ராஜா பார்த்த பார்வையில் அது கீழே விழுந்தது.

"வேலம்மையைக் கூப்பிடுங்கள்" என்றான் ராஜா. "நேற்று என்னம்மா சொல்ல வந்தாய்?"

"பெரிதாக ஒன்றுமில்லை ராஜா. கஞ்சியில் நெய் இருக்கிறதா என்று, தினமும் குடிக்கிற நீங்களே சொல்லுங்கள் என்று கேட்க வந்தேன். கேட்க விட்டீர்களா? ஒரு எள்ளுருண்டை இல்லாததால் என் கை வெந்திருக்குமே!"

ராஜா தலையைக் குனிந்தான். பிறகு தன் கணையாழியைக் கழற்றிச் செங்கோடர் விரலில் போட்டான். "இனி வெறுங்கையோடு வருகிறவர் பேச்சுத்தான் முதலில் கேட்கப்படும்" என்று சொல்லி, அண்டாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தான். முன்னால் நாகலிங்கம், "தின்றவர் இவர், ஊட்டியவன் நான்!" என்று கூவிக்கொண்டே போக வேண்டியதாயிற்று.

சுற்றி முடித்து மூச்சு வாங்க ராஜா வந்தபோது, புது உத்தரவின்படி முதல் ஆளாக வெறுங்கையோடு நின்றவள் வேலம்மை.

"சொல்லம்மா" என்றான் ராஜா.

"கஞ்சி ஆறுகிறது. வந்து குடியுங்கள்" என்றாள்.