ஓடு இறக்கிய கூரை

புயல் போய் எட்டாம் நாள் வேதையன் தன் ஆசானைத் தேடி வந்தான். ஆசான் ஒரு பெண். பேர் தனக்கோடி. அவனுக்கு உளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள். வயதில் அவனைவிட நாலு இளையவள்தான், ஆனாலும் அவன் வாய் அம்மா என்றுதான் கூப்பிடும்.

அவள் ஒரு கதவுநிலையை இழைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சாப்பிட்டியா?"

"இறங்கலைம்மா."

அஞ்சம்மாள் வீட்டுக் கூரையைப் போன வருஷம் மாற்றிக் கொடுத்தது அவன்தான். ஓடு ஒழுகுது என்றாள். ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரம் போட்டான். தகரத்தை உத்திரத்தோடு நன்றாக முடுக்கினான். உத்திரம் தூண்மேல் உட்காரும் இடத்தை மட்டும் தொடவேயில்லை. முப்பது வருஷம் அசையாமல் இருந்த இடமாயிற்றே. புயலில் காற்று அடியில் புகுந்து கூரையை உத்திரத்தோடு தூக்கிவிட்டது. உத்திரம் திரும்ப விழுந்த இடத்தில் அஞ்சம்மாளின் புருஷன் இருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்மா. அந்த மனுஷன் செத்தது காத்தாலயா, என்னாலயா?"

"ஊரு என்ன சொல்லுது?"

"காத்துன்னுதான் சொல்லுது. ஒருத்தரும் என்னைய ஒரு வார்த்தை சொல்லலை."

"நல்ல ஊரு. உனக்கு ஏத்த ஊரு."

தனக்கோடி எழுந்தாள். உச்சியில் பள்ளம் குடைந்த தூண் துண்டு ஒன்றை நிறுத்தினாள். பள்ளத்தில் ஒரு கட்டையை வைத்தாள்.

"ஏறி உக்காரு."

உட்கார்ந்தான்.

"அசையுதா?"

"இல்லை."

"இரும்புப் பட்டை போட்டு இறுக்கணுமா?"

"எதுக்கும்மா? என் கனமே அமுக்குதே."

"எந்திரி."

எழுந்தான். அவள் ரெண்டு விரலை அடியில் கொடுத்துத் தூக்கினாள். கட்டை கையோடு வந்தது. அதை அவன் காலடியில் போட்டாள்.

அவன் குனிந்து அதை எடுத்துப் பார்த்தான். பிறகு ரோஷமாகக் கேட்டான்.

"இந்தப் பொருத்து நீங்க காட்டினதுதானே?"

"நான்தான். மேல ஓட்டுக் கனத்தை ஏத்தி வச்சுக் காட்டினேன்."

அவன் தலை கவிழ்ந்தான்.

"அஞ்சம்மா நாளைக்கு வரச் சொல்லியிருக்கும்மா. நானேதான் திரும்பக் கூரை போடணுமாம். அது மூஞ்சியில எப்படி முழிப்பேன்? என்னன்னு சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். முந்தாநாள் அவ இங்க வந்தா. நீ கேட்டதையேதான் அவளும் கேட்டா. காத்துன்னு சொல்லிட்டேன்."

வேதையனுக்குக் கண் நிறைந்தது. பொழைச்சேன்மா என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"கையை இறக்கு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அவ மறுபடி ஒரு கூரைக்குக் கீழ பயமில்லாம படுக்கணும். அதுக்காக அவகிட்ட சொன்ன பொய் அது. அதுல உனக்குப் பங்கு இல்லை."