இரண்டு மாளிகையும் ஒரு வலைக்கயிறும்

கிழட்டுக் குதிரைக்குக்கூட லாயத்தில் இடம் ஒதுக்கி வைக்கிற ஒழுங்கான நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. குடக்காடு என்று பெயர். அதை ஆண்ட பராங்குச ராஜாவுக்கு அறுபது முடிந்ததும், தனக்கும் ஓர் இடம் ஒதுக்கிக்கொள்ளும் ஆசை வந்தது. தை மாதம் மகனுக்கு முடிசூட்டிவிட்டு ஒதுங்குவது என்று முடிவு. எந்த ஊரில் ஒதுங்குவது என்பதில்தான் முடிவு இல்லை.

கடலோரம் நுரைத்துறையில் ஒரு மாளிகை. வயல்களுக்கு நடுவே வரப்பூரில் ஒரு மாளிகை. நுரைத்துறையில் மூன்று நாள் இருப்பார். "சே, இதெல்லாம் ஒரு ஊரா! அலையைத் தவிர ஒரு சத்தம் இல்லை" என்று கிளம்புவார். வரப்பூரில் இரண்டு நாள். "தவளையைத் தவிர ஒரு குரல் இல்லை. தூக்குங்கள் பல்லக்கை!" இரண்டு மாதத்தில் ஒன்பது தடவை. தூக்குகிறவர்களின் தோள் காய்த்துப்போயிற்று.

"கடல்தான் நல்லதோ?" என்று சபையில் ஒருநாள் முனகினார்.

"கடல் என்றால் கடல்தான் பிரபு!" என்றான் பூவலிங்கம். அரண்மனைக் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்.

"வயலும் நன்றாகத்தான் இருந்தது."

"வயலுக்கு ஈடு ஏது பிரபு!"

மந்திரி திருமலைக்கொழுந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜா பார்த்துவிட்டார்.

"சிரிக்கிறீரா? வருகிற அமாவாசைக்குள் என் மனம் ஓர் ஊரில் நிலைக்க வேண்டும். இல்லாவிட்டால் உம் முத்திரை மோதிரம் பூவலிங்கத்தின் விரலுக்குப் போகும்."

பூவலிங்கம் விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டான். "என் விரல் கொஞ்சம் தடிமன், மந்திரியாரே. தட்டானிடம் இப்போதே சொல்லிவைக்கட்டுமா?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஓர் அரண்மனை விருந்தில், இதே பூவலிங்கம் மந்திரிக்குக் கை கழுவும் அண்டாவுக்குப் பக்கத்தில் இலை போட்டான். கழுவ வந்தவன் ஒவ்வொருவனும் அவர் பாயசத்தில் தெளித்துவிட்டுப் போனான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. அவனுக்கா மோதிரம்?

அன்றே நுரைத்துறைக்குப் போனார். கரையில் முப்பது பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு சத்தமில்லாமல். ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கயிறு நழுவியது. மீன்காரப் பெண்கள் காதோடு காதாக விலை பேசினார்கள்.

"ஊருக்கே தொண்டை கட்டிக்கொண்டதா?" என்று வலைத்தலைவன் சடையனைக் கேட்டார்.

"ராஜா வந்து தங்குற ஊருல யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு பூவலிங்கம் ஐயா தண்டோரா போட்டுட்டாருங்க. ஐலசா பாடாம வலையை எப்படிங்க இழுக்கிறது?"

வரப்பூரிலும் இதே கதை. ஏற்றப்பாட்டு இல்லை. சேவலைக்கூடக் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மந்திரி தம் பொறுப்பில் இரண்டு ஊருக்கும் சொன்னார்: "அமாவாசை வரை அந்த உத்தரவு செல்லாது. வாய் வலிக்கும் மட்டும் பேசுங்கள்."

திரும்பி வந்து ராஜாவிடம், "மகாராஜா, பட்டு, பல்லக்கு, பூவலிங்கம், இந்த மூன்றையும் விட்டுவிட்டு என்னோடு நடக்க முடியுமா?" என்றார். ராஜாவும் சலித்துப்போயிருந்தார். முரட்டு வேட்டியோடு கிளம்பிவிட்டார்.

முதலில் வரப்பூர். வயலோரம் நின்ற ராஜாவை ஒரு கிழவர் அதட்டினார்: "ஏன்யா, மடையில காலை வச்சுக்கிட்டு நிக்கிற? தண்ணி போக வேண்டாமா?"

ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவரை யாரும் அதட்டியதில்லை. "எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?" என்றார்.

"நடவெல்லாம் முடிஞ்சு போச்சே. அறுப்புக்கு வா, ரெண்டு மாசம் ஆகும்."

"இரண்டு மாசமா! அதுவரை நான் என்ன செய்வேன்?" அரை நாள் வரப்பில் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். "கிளம்பும், போவோம்" என்று மந்திரியிடம் சொல்லிவிட்டார். அமாவாசைக்கு இன்னும் நான்கு நாள்தான்.

நுரைத்துறைக் கரையில் கால் வைத்ததுமே சடையன் கத்தினான்: "ஏ பெருசு! வேடிக்கையா பார்க்கிற? கயித்தைப் பிடி!"

ராஜா பிடித்தார். ஐலசா போட்டார். உள்ளங்கை தேய்ந்து எரிந்தது. வலை கரையேறியதும் சடையன் இரண்டு கை சாளை மீனை அள்ளி அவர் துண்டில் போட்டான்.

"நான் கேட்கவில்லையே?"

"கயிறு தொட்டவனுக்குப் பங்கு உண்டு. அந்த ராஜாவே வந்து தொட்டாலும் இதேதான்."

ராஜா அந்தத் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அன்று படுத்தவர் ஒருமுறைகூடப் புரளவில்லை. விடிந்ததும் வெளியே குரல்: "பெருசு எங்கேப்பா? அவர் இடம் காலியா கிடக்கு!" துண்டைக்கூட எடுக்காமல் ஓடினார். மறுநாளும் ஓடினார்.

அமாவாசையன்று பூவலிங்கம் தட்டானையும் கூட்டிக்கொண்டு நுரைத்துறைக்கு வந்துவிட்டான். கரையில் ஒரே பாட்டு. "வாயை மூடுங்களடா! ராஜா தங்குகிற ஊர் இது!" என்று அலறினான்.

பாட்டு நின்றது. கயிறு நழுவியது. வரிசையில் ஏழாவதாக நின்ற ஆள், தாடியில் மீன் செதிலோடு திரும்பினார்.

"யாரடா பாட்டை நிறுத்தியது?"

பூவலிங்கம் அப்போதுதான் ராஜாவை அடையாளம் கண்டான். "பிரபு... தங்கள் நிம்மதிக்காகத்தான் இரண்டு ஊரிலும்..."

"இரண்டு மாதம் என்னைச் சுடுகாட்டில் படுக்கவைத்தது நீதானா? அவ்வளவு நிம்மதி உனக்கே இருக்கட்டும். வரப்பூர் மாளிகை இனி உனக்கு. மதிலுக்குள்ளே உன் உத்தரவுதான். சமையல்காரன்கூட உன்னிடம் வாய் திறக்க மாட்டான்."

சடையன் ராஜாவின் காலில் விழுந்தான். "எழுந்திரு அப்பா, வலை போகிறது!" என்று ராஜா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மந்திரியாரே, மோதிரம் உம்மிடமே இருக்கட்டும்!"

தை மாதம் முடிசூட்டு விருந்து. விருந்துக்கு மட்டும் பூவலிங்கத்தை வரவழைத்தார்கள். எல்லோருக்கும் ஆட்கள் இலை போட்டார்கள். அவன் இலையை மட்டும் திருமலைக்கொழுந்து தம் கையாலேயே போட்டார், கை கழுவும் அண்டாவுக்குப் பக்கத்தில். பாயசம் வந்ததும் எழுந்துபோய்க் கை கழுவினார். உட்கார்ந்தார். இன்னும் இரண்டு முறை போய்க் கழுவிவிட்டு வந்தார்.