அம்மான்னா இருமுவாங்க

மிமிக்ரி என்று வந்துவிட்டால் சிங்காரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. பஸ் கண்டக்டர், பஞ்சாயத்துத் தலைவர், ஆசிரமத்துப் பசுமாடு, எல்லாம் அவன் தொண்டைக்குள்ளேயே குடியிருந்தன. அந்த ஆசிரமத்தில் அவனுடைய குருவான மங்கையர்க்கரசி அம்மாவின் குரலை மட்டும் அன்றைக்குத்தான் முதன்முதலாக எடுத்தான்.

காரணம் இருந்தது. ஏரியில் ஒரு லாரி தினமும் சாக்கடைக் கழிவைக் கொட்டியது. மனு கொடுத்தும் பலனில்லை. அம்மாவோ, "ஊர் தானா எழுந்திரிக்கட்டும்" என்று இருந்துவிட்டார்.

சிங்காரத்தால் அதுவரை பொறுக்க முடியவில்லை. ஆசிரமத்துப் போனிலிருந்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அம்மா குரலிலேயே பேசி அனுப்பினான். ஆரம்பத்தில் ஒரு சின்ன இருமல் வேறு. "க்கும். பிள்ளைகளா, லாரி வருது. கரைக்கு வாங்க. விடாதீங்க."

"இதோ கிளம்பிட்டேன் தாயே."

"அம்மாவே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன."

"கடையைச் சாத்தியாச்சு."

சிங்காரம் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு குரூப்பில் ஒரு வீடியோ வந்தது.

லாரியைச் சுற்றி ஊரே நின்றது. டிரைவர் கேபினைப் பூட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கும்பிட்டுக்கொண்டிருந்தான். வெளியே ஒருத்தன் டீசல் கேனைத் திறந்துகொண்டிருந்தான்.

சிங்காரம் ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தன் போனை நீட்டினான். "நீங்களே பேசிடுங்கம்மா. உங்க பேச்சுக்குக் கட்டுப்படுவாங்க."

அம்மா பேசினார். "மங்கையர்க்கரசி பேசறேன். முன்னாடி வந்தது என் குரல் இல்லை. அந்த மனுஷனை விட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

உடனே பதில் வந்தது. "யாருடா நீ? அம்மான்னா முதல்ல இருமுவாங்க."

அடுத்தது: "லாரிக்காரன் செட் பண்ணின ஆளு. குரூப்பை விட்டுத் தூக்குங்க."

தூக்கிவிட்டார்கள்.

அம்மா அதற்குள் ஏரிக்கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். சிங்காரம் பின்னாலேயே ஓடினான்.

கேன் வைத்திருந்தவன் அம்மாவைப் பார்த்ததும் பவ்வியமாகக் கும்பிட்டான். "கேனைக் கீழே வை" என்றார் அம்மா.

"யாரோ உங்களை மிரட்டி மாத்திச் சொல்லவைக்கிறாங்க, எங்களுக்குத் தெரியும்மா. நீங்க பயப்படாதீங்க. நீங்க முதல்ல சொன்ன சொல்லை நாங்க காப்பாத்துறோம்."

கூட்டம் கைதட்டியது. கேபினுக்குள் டிரைவர் அழுவது கண்ணாடி வழியே தெரிந்தது.

"அம்மா," என்றான் சிங்காரம், "இனிமே இவங்க யார் சொன்னாத்தான் கேப்பாங்க?"

அம்மா லாரியைக் காட்டினார். "டிரைவர் பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு. போய் உக்காரு."

"என்னையும் சேர்த்துக் கொளுத்திடுவாங்களேம்மா."

"அங்க உக்காந்து பேசு. உன் சொந்தக் குரல்ல. அதை இந்த ஊர் இன்னும் கேட்டதில்லை."