சவுக்கடி வாங்கிய பகடைகள்

முன்னொரு காலத்தில் கூவளநாட்டை இரவிகேசரி என்றொரு அரசன் ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாகப் பேசியவன் சொன்னதையே நம்புவான். கடைசியாகப் பேசும் வேலையை மழவராயர் என்ற பிரதானி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒருநாள் அரசன் தன் பல்லக்கைத் தூக்கும் எட்டுப் பேரைச் சபையில் புகழ்ந்துவிட்டான். "இவர்கள் தோளில் ஏறினால் தொட்டிலில் படுத்ததுபோல இருக்கிறது" என்றான். ராயருக்கு வயிறு எரிந்தது.

பல்லக்குக்காரர்களுக்கு ஒரு வழக்கம். முன்னே போகிறவன் "மேடு!" என்பான், பின்னால் வருகிறவர்கள் "மேடே!" என்பார்கள். "பள்ளம்!" என்றால் "பள்ளமே!" பின்னால் இருப்பவனுக்குத் தரை தெரியாது, அந்தக் குரல்தான் அவனுக்குக் கண். ராயர், "அரசர் காதருகே கூச்சலா?" என்று அதைத் தடுத்தார். மறுநாளே பல்லக்கு குலுங்கியது. குலுங்கிய நாளெல்லாம் மாலையில் எட்டு முதுகிலும் பத்துப் பத்துச் சவுக்கடி.

ஒரு மாதம் கழித்து ராயர் சபையில் எழுந்தார். "அரசே, என் கண்ணால் கண்டது. மோசமாகக் குலுங்கிய நாளில் அடித்தேன், மறுநாள் குலுக்கல் குறைந்தது. நன்றாகப் போன நாளில் நீங்கள் வெற்றிலை கொடுத்தீர்கள், மறுநாள் குலுக்கல் கூடியது. ஆகவே வெற்றிலையை நிறுத்தி, தினமும் காலையில் பத்து அடி என்று சட்டம் போடுங்கள்."

அரசன் தலையாட்டினான். தலையாட்டுவதற்குச் செலவா என்ன!

பல்லக்குக்கு முன்னால் தண்ணீர் தெளித்து நடப்பவள் வீரக்காள். முன்தண்டு பிடிக்கும் சன்னாசியின் மனைவி. புருஷன் ஒரு மாதமாகக் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறான். சபை வாசலில் நின்ற அவள் தண்ணீர்க்குடத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

"மகாராசா, உங்கள் எலும்புப் பகடை இரண்டும் ரொம்பச் சோம்பேறி. ராயர் வைத்தியத்தை அவற்றுக்கும் செய்து பார்ப்போமா?"

சூது என்றால் அரசனுக்கு உயிர். உருட்டினான். மூன்று விழுந்தது. வீரக்காள் பகடைகளைத் தரையில் வைத்து ராயரின் சவுக்கால் விளாசினாள். மறுபடி உருட்டினான். எட்டு!

"பார்த்தீர்களா, பயந்துவிட்டன!" என்றாள்.

பின்னொரு முறை பதினொன்று விழுந்தது. பகடைகளுக்குப் பூ வைத்து, வெற்றிலை கொடுத்தாள். அடுத்து விழுந்தது ஆறு.

"கொழுப்பெடுத்த நாய்கள்!" என்று அரசன் கத்தினான். உச்சிவேளை வரை உருட்டினான். அடித்த பகடை பெரும்பாலும் ஏறியது, பூ வைத்த பகடை பெரும்பாலும் இறங்கியது. திடீரென்று அவன் கை நின்றது. "ஏய், எலும்புக்கு ஏது முதுகு?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன், மகாராசா. ரொம்ப மோசமான நாளுக்கு அடுத்தது, அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கொஞ்சம் நல்ல நாளாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே இறங்க இடம் ஏது?"

"பகடை வேறு, மனிதன் வேறு!" என்று ராயர் சீறினார்.

"சரி சாமி, மனிதனையே பார்ப்போம். பல்லக்கில் ஒரு குடம் தளும்பத் தண்ணீர் வையுங்கள். சிந்தியது எவ்வளவு என்று மகாராசாவே உழக்கால் அளக்கட்டும். அதே வழி, அதே எட்டுப் பேர். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்."

"முதலில் இப்போது இருக்கிறபடியே அளக்க வேண்டுமே" என்றான் அரசன்.

வீரக்காள் புருஷனின் முதுகைப் பார்த்தாள். சன்னாசிதான் பேசினான்: "இன்னும் மூன்று நாள் அடி தாங்குவோம். அளவு சரியாக வரட்டும்."

சவுக்கோடு மூன்று நாள். தினமும் ஐந்து உழக்கு சிந்தியது. சவுக்கை நிறுத்தி மூன்று நாள். அதே ஐந்து.

"பழைய அடியின் பயம் இன்னும் போகவில்லை!" என்றார் ராயர்.

அடுத்து, சவுக்கு இல்லாமலே, "மேடு, பள்ளம்" குரலைத் திரும்பக் கொடுத்தார்கள். ஒரே உழக்கு.

"தற்செயல்!" என்றார் ராயர்.

குரலை நிறுத்தினார்கள். மீண்டும் ஐந்து. குரலைக் கொடுத்தார்கள். ஒன்று. அளந்து அளந்து அரசனின் பட்டு வேட்டி நனைந்ததுதான் மிச்சம்.

அப்போதும் ராயர் அடங்கவில்லை. "இதோடு சவுக்கையும் சேர்த்தால் அந்த ஒரு உழக்கும் சிந்தாது, அரசே!"

வீரக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். இப்படிப்பட்டவர்களிடம் அளவைக் காட்டினால் உழக்கு கோணல் என்பார்கள்.

ஆனால் அரசனுக்கும் பொறுமை போய்விட்டது. "நல்ல யோசனை, ராயரே. அதையும் பார்த்துவிடுவோம். சன்னாசி ஓய்வெடுக்கட்டும். நாளை முன்தண்டை நீர் பிடியும். காலையில் பத்து அடி."

ராயர் முகம் வெளுத்தது. "அரசே... எனக்கு ஐயம் தீர்ந்துவிட்டது."

"எப்போது தீர்ந்தது?"

"இப்போதுதான், அரசே."

சபை கொல்லென்று சிரித்தது. அரசன் சவுக்கை அடுப்பில் போடச் சொன்னான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அந்த வார்த்தையை அரசர்களுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாகக் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

வீரக்காள் கை நீட்டவில்லை. "முத்து வேண்டாம், மகாராசா. எட்டு முதுகும் ஆறும்வரை மருந்தெண்ணெய் வேண்டும். அதை ராயர் தம் கையால் தேய்க்க வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

மறுநாள் காலை கூவளநாடே பல்லக்குக் கொட்டில் வாசலில் கூடி நின்றது. பட்டுத் தலைப்பாகையோடு மழவராயர் முழங்காலிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தில் விரல் நனைத்தார்.

சன்னாசி திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "இன்னும் கொஞ்சம் கீழே, ராயரே. அங்கேதான் ஓங்கி அடித்தீர்கள்."