எடிட்டரில் வந்த குப்பை

“அம்மா, நம்ம வெப்சைட்டுல குப்பை வருது” என்றார் குழந்தைவேலு.

செங்கமலத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்தில் அவருடைய ஆசிரமம். தினமும் காலையில் கூடத்தில் அரை மணி பேசுவார். அதைக் கேட்டு எழுதி வெப்சைட்டில் ஏற்றுவது குழந்தைவேலுவின் வேலை. அம்மாவைவிடப் பத்து வயது மூத்த சீடர். தபால் ஆபீசில் ஓய்வு பெற்று வந்து ஒன்பது வருஷம். அந்த வேலையில் இன்னொருவர் விரல் படக்கூடாது அவருக்கு.

“என்ன குப்பை?”

“எழுத்துக்கு நடுவுல ஸ்பேன், ஸ்டைல்னு இங்கிலீஷ்ல ஏதோ கோடிங் வந்து நிக்குது. எடிட்டர்ல உக்காந்து ஒண்ணொண்ணா அழிக்கிறேன். மறுநாள் பதிவுல திரும்பவும் வருது. வெளியூர்ல படிக்கிறவங்க என்னான்னு கேக்கறாங்க. கம்ப்யூட்டர்லதான் கோளாறு.”

“கொண்டாங்க, பாப்போம்.”

லேப்டாப்பைக் கொண்டு வந்து அம்மாவுக்கு எதிரே வைத்து உட்கார்ந்தார்.

“நேத்துப் பேச்சுல எத்தனை இடத்துல வந்துச்சு?”

“பதினேழு இடம்மா.”

“நேத்து நான் பேசவே இல்லையே அய்யா. தொண்டை கட்டியிருந்துது. அரை மணி சும்மா உக்காந்துட்டு எழுந்து போயிட்டேன்.”

குழந்தைவேலுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நேற்று தூணோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பேசாத பேச்சுக்கு ஆஹா ஆஹா என்று தலை வேறு ஆட்டியிருக்கிறார், மகானுபாவர்! பிறகு அதை இரண்டு பக்கத்துக்கு ஏற்றியும் விட்டார். அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அம்மா கீரையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

“காது போச்சும்மா” என்றார் கடைசியில். “நாலு மாசமாச்சு. இப்படி எதிர்ல இருந்தா கேக்குது. கூடத்துல ஒண்ணும் விழல. சொன்னா இந்த வேலை போயிடுமேன்னு, வேற ஆசிரமத்து வெப்சைட்டுலேருந்து எடுத்து உங்க பேர்ல ஒட்டினேன்...”

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. கம்ப்யூட்டரில் கோளாறே இல்லை. எங்கிருந்து எடுத்து ஒட்டினாரோ, அங்கிருந்தே கோடிங்கும் கூட வந்திருக்கிறது. நாலு மாதமாகத் தன் திருட்டுக்கான சாட்சியைத்தான் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“அய்யா.”

துண்டை எடுக்கவில்லை.

அம்மா கையை நீட்டி அதை விலக்கினார். “இன்னிக்கு என்ன பேசினேன்னு எழுதுங்க. இங்கேயே, என் முன்னால.”

“எனக்குத்தான் கேக்கலையேம்மா.”

“எழுதுங்க.”

தட்டித் தட்டி எழுதினார்.

‘அம்மா இன்று பேசினார். எனக்குக் கேட்கவில்லை. நாலு மாதமாகவே கேட்கவில்லை. அந்த நாட்களில் நான் போட்டதெல்லாம் வேறொருவர் எழுதியவை. குழந்தைவேலு.’

“குப்பை வந்திருக்கா?”

இரண்டு தடவை பார்த்தார். “இல்லம்மா.”

“ஏத்துங்க.”

“இதையாம்மா? ஒன்பது வருஷமா படிக்கிறவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஏத்திட்டு, நாளைக்குக் காலைல தூணை விட்டுட்டு என் எதிர்ல வந்து உக்காருங்க.”