ஒரு அடித் தண்ணீர்

அந்த மாநகராட்சி ஆணையருக்குச் சாக்கடை நாறினால் கவலையில்லை; அறிக்கை மணக்க வேண்டும். ரயில்வே சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் ஒரு அடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அவருடைய பத்தாண்டுத் திட்டத்தின் முதல் இலக்கு. மந்திரி பார்வையிட வருவதற்கு முந்தின நாளோ, சுவரில் எழுதியிருந்த அளவு நாலு அடி காட்டியது.

"பம்பு ரெண்டும் பழுதாகி மூணு வருஷமாச்சுங்கய்யா," என்றார் பம்பு ஆபரேட்டர் மாடக்கண்ணு.

"தண்ணியை இறக்க முடியலேன்னா நம்பரை இறக்குய்யா! நாலை அழிச்சு ஒண்ணுன்னு எழுது. இல்லேன்னா உன் வேலை போயிரும்," என்று எரிந்து விழுந்தார் ஆணையர்.

மாடக்கண்ணு நாலை அழித்து ஒன்று என்று எழுதினார்.

மறுநாள், "பத்து வருஷ இலக்கை ஒரே வருஷத்துல எட்டிட்டோம்!" என்று மந்திரியிடம் ஆணையர் மார்தட்டினார்.

"ஐயாவே இறங்கி நடந்து காட்டுனா பத்திரிகையில போட்டோ வரும்," என்றார் மாடக்கண்ணு பவ்யமாக.

"நடங்க, பார்ப்போம்," என்றார் மந்திரி.

வேறு வழி? முழங்கால்வரை பேண்ட்டை மடித்துக்கொண்டு ஆணையர் இறங்கினார். பத்தாவது எட்டில் தண்ணீர் நெஞ்சைத் தொட்டது.

"யோவ் மாடக்கண்ணு, கயிறு போடுய்யா!"

"ஒரு அடித் தண்ணிக்குக் கயிறு எதுக்குங்கய்யா? பேண்ட்டை இன்னும் ஒரு மடிப்பு மடிச்சு விடுங்க!"