முதுகுக்குப் பின்னே இரண்டு விரல்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடனுக்கு முப்பத்தாறு. குரு சீடனை அண்ணா என்று கூப்பிடுவாள். சீடன் குருவைக் கோச் என்று கூப்பிடுவான். கோயம்புத்தூரில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

சீடன் பெயர் மாசிலாமணி, தூத்துக்குடிக்காரன். டென்னிஸ்தான் பிழைப்பு. அதிலும் இரட்டையர் ஆட்டம் மட்டும். தனியாக ஆடும் ஆட்டத்துக்கு இருபத்து நான்கு வயதிலேயே முழுக்குப் போட்டுவிட்டான். பன்னிரண்டு வருஷமாக நாடு நாடாகப் போய், வலைக்குப் பக்கத்தில் நின்று ஆடுவதையே தொழிலாக வைத்திருந்தான். அந்த இடத்தில் அவன் கில்லாடி. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. ஜோடி போய்விட்டால் எப்பேர்ப்பட்ட கில்லாடியும் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார வேண்டியதுதான்.

குரு பெயர் கோகிலவாணி. ஒன்பது வருஷம் கலப்பு இரட்டையரில் வலையோரம் ஆடியவள். தோள்பட்டை கெட்டுப்போனதும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள். வலைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுப்பாள். பேச்சு குறைவு.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மாசிலாமணி அவளுடைய மைதானத்துக்கு வந்தான். தொப்பியில் என்னவோ மின்னியது.

"அது என்னங்கண்ணா?"

"கண்ணாடி, கோச்."

தொப்பியின் முன்விளிம்புக்கு அடியில் பெரிய பொட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி ஒட்டியிருந்தது. பைக் சாமான் கடையில் வாங்கியது. பின்னால் வருகிற லாரி தெரிய வேண்டும் என்று அதை விற்கிறார்கள். மாசிலாமணிக்கு லாரி பயம் இல்லை. அவனுடைய சொந்த ஜோடி அடிக்கிற சர்வீஸ்தான் பயம்.

"நாளைக்கு மேட்ச்ல இதைப் போட்டுக்க விடுவாங்களா?"

"விடமாட்டாங்க."

"அப்புறம் எதுக்குங்க?"

"இன்னைக்கு ஒரு நாளாவது பயமில்லாம பிராக்டீஸ் பண்ணலாம்னு பாத்தேன்."

கோகிலவாணி சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னாள். அவன் நடந்ததைச் சொன்னான்.

அவனுடைய ஜோடி நவ்ஷாத், ஆம்பூர்ப் பையன், வயது இருபத்தாறு, ஆறடிக்கு மேல் உயரம். அவன் சர்வீஸ் அடித்தால் பந்து வருவது தெரியாது, போன பிறகு சத்தம்தான் கேட்கும். அந்த சர்வீஸை வைத்து இருவரும் ஓர் உத்தியைப் பழகியிருந்தார்கள். மாசிலாமணி வலைக்குப் பக்கத்தில், மைதானத்தின் நடுக்கோட்டில், தலையைத் தாழ்த்திக் குந்தியிருப்பான். நவ்ஷாத் நேர் பின்னால் நிற்பான். பந்து மாசிலாமணியின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பறந்துபோகும். அதற்கு முன் மாசிலாமணி இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரலைக் காட்டுவான். ஒரு விரல் என்றால் இடது பக்கம் ஓடப்போகிறேன், இரண்டு என்றால் வலது பக்கம். எதிரில் நிற்பவர்களுக்கு அது தெரியாது. பின்னால் நிற்பவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருஷம் இப்படி ஆடினார்கள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட மாசிலாமணி திரும்பிப் பார்த்ததில்லை.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு வெளியூர்ப் போட்டியில் திரும்பினான். ஏன் திரும்பினான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. பந்து இடது புருவத்தின் கீழே வந்து விழுந்தது. சட்டையெல்லாம் ரத்தம். பதினொரு நாள் அந்தக் கண்ணில் வெளிச்சம் இல்லை.

"இப்பத் தெரியுதுங்களா?"

"நல்லாத் தெரியுது. டாக்டர் பரிபூரண குணம்னுட்டார்." மாசிலாமணி கழுத்தைத் தடவிக்கொண்டான். "கண்ணு சரியாயிட்டு கோச். கழுத்துதான் சரியாகல. அவன் பந்தத் தூக்கிப் போடுற நேரம் தானாத் திரும்பிருது. பிடிச்சு வச்சாலும் நிக்கல."

"என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

"மூச்சுப் பயிற்சி. ஒண்ணுலருந்து நூறு வர எண்ணுறது. அம்மா திருச்செந்தூர்ல மந்திரிச்ச கயிறு கட்டிவிட்டா." மணிக்கட்டைக் காட்டினான். "பிறகு இந்தக் கண்ணாடி."

"நவ்ஷாத் தம்பி என்ன சொல்றாப்ல?"

மாசிலாமணி கைப்பேசியை எடுத்து நீட்டினான். முந்தின நாள் வந்த செய்தி. 'அண்ணா, மேட்ச் முடிஞ்சதும் கொஞ்சம் பேசணும்.'

இரட்டையர் ஆடுகிறவர்களுக்கு இந்தச் செய்தியின் அர்த்தம் நன்றாகத் தெரியும். கழற்றிவிடுவதற்கு முன்னால் எல்லோரும் இதைத்தான் அனுப்புவார்கள். மாசிலாமணியே அவன் காலத்தில் நான்கு பேருக்கு அனுப்பியிருக்கிறான். கண் போய் வந்தவன், முப்பத்தாறு வயது, சர்வீஸ் சமயத்தில் திரும்பிப் பார்க்கிறவன். இனி யார் அவனைச் சேர்த்துக்கொள்வார்கள்? வேறு தொழில் எதுவும் அவனுக்குத் தெரியாது.

"பயம் போகணும் கோச். அதுக்கு என்ன செய்யணும்?"

கோகிலவாணி அவன் தொப்பியை வாங்கிக் கண்ணாடியை நகத்தால் பெயர்த்தாள்.

"இதுல நவ்ஷாத் தம்பி மூஞ்சி தெரியுமுங்களா?"

"அவன் மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்? பந்து தெரிஞ்சாப் போதும்."

கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு தான் அணிந்திருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கூட்டில் வைத்து மூடி, பெஞ்சில் வைத்தாள்.

"நீங்க சர்வீஸ் போடுங்கண்ணா. நான் முன்னாடி குந்திக்கிறேன்."

மாசிலாமணி அவசரமாக எழுந்தான். "வேண்டாம் கோச். நடுவுல ஆள வச்சு நான் சர்வீஸ் போட்டதே இல்ல. எங்க போகும்னு எனக்கே தெரியாது."

"தெரியுமுங்க."

"மூக்குக் கண்ணாடிய ஏன் கழட்டுறீங்க?"

"போன வாரந்தான் புதுசா வாங்குனேன்."

அவள் போய் நடுக்கோட்டில், வலைக்குச் சற்றுப் பின்னே, குந்திக்கொண்டாள். மட்டை வலது கையில். இடது கை முதுகுக்குப் பின்னால் வந்தது. இரண்டு விரல்.

மாசிலாமணி முதல் பந்தை அடித்தான். அது உயரமாகப் போய், யோசித்து, மெல்ல இறங்கியது.

"கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிறாப்ல இருக்குதுங்க," என்றாள் திரும்பாமல். "நவ்ஷாத் தம்பி அடிக்கிறாப்ல அடிங்க."

இரண்டாவதை ஓங்கி அடித்தான். பந்து பின்வேலியில் போய் மோதியது. மூன்றாவது அவளுக்கு எட்டடி தள்ளி வலையில் விழுந்தது. உள்ளங்கை வேர்த்து மட்டை வழுக்கியது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

இத்தனை வருஷத்தில் அவன் இந்த இடத்திலிருந்து யாரையும் இப்படிப் பார்த்ததில்லை. அவன் சர்வீஸ் வேகம் போதாதென்று அவன் முறை வரும்போது நவ்ஷாத் ஓரமாகத்தான் நிற்பான். இங்கிருந்து பார்த்தால் வலையோரம் இருப்பவரின் முகம் தெரியாது. பின்கழுத்து தெரிகிறது. கூந்தலில் மாட்டிய பழுப்புநிறக் கிளிப் தெரிகிறது. எவ்வளவு சின்னத் தலை என்று தெரிகிறது. அப்புறம் முதுகுக்குப் பின்னால் அந்தக் கை.

அந்த விரல்கள் நடுங்கின.

காற்றடிக்கிறதோ என்று முதலில் நினைத்தான். மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. குருவுக்கும் பயம் வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. கேட்க வாய் வரை வந்தது. மரியாதை கருதி விழுங்கிக்கொண்டான்.

நான்காவது பந்தைத் தூக்கிப் போட்டான். அந்த நேரம் பார்த்துக் கோகிலவாணி திரும்பி அவனைப் பார்த்தாள்.

அவன் கை பாதியில் நின்றது. பந்து தரையில் விழுந்து உருண்டது.

"போடுங்கண்ணா."

மறுபடி தூக்கிப் போட்டான். மறுபடி திரும்பினாள். மறுபடி கை நின்றது.

"ஏனுங்க போடல?"

"நீங்க திரும்புறீங்கல்லா."

"திரும்பினா என்னங்க?"

"கை எந்திரிக்க மாட்டேங்குது கோச். உங்க ரெண்டு கண்ணும் தெரியுது. அதப் பாத்துக்கிட்டே எப்படி அடிக்க?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. மட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்படியே நின்றான்.

கோகிலவாணி எழுந்திருக்கவில்லை. "போன மேட்ச்ல நவ்ஷாத் தம்பி எத்தனை சர்வீஸ் வீணடிச்சாப்ல?"

"பதினொண்ணு."

"உங்களுக்கு அடிபடறதுக்கு முன்னாடியெல்லாம்?"

"ஒண்ணு. மிஞ்சிப்போனா ரெண்டு."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேக்கல. தோள்வலியா இருக்கும்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கினான். "என்னக் கழட்டி விடணும்னு வேணும்னே ஆடுறானோன்னும் நெனச்சேன்."

அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. பந்தைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டான்.

இரும்புக் கதவு கிறீச்சிட்டது. ஏழு மணிப் பயிற்சிக்கு நவ்ஷாத் வந்துவிட்டான். தோளில் பை. பின்கோட்டில் மாசிலாமணியும், வலைக்குப் பக்கத்தில் கோச்சும் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"என்ன கோச், எல்லாம் தலைகீழா இருக்கு?"

அவள் எழுந்து பெஞ்சுக்குப் போனாள். நாளை வரை பொறுக்க முடியாது என்று மாசிலாமணிக்குத் தோன்றியது.

"நவ்ஷாத், என்னமோ பேசணும்னியே."

"மேட்ச் முடியட்டும்ணா."

"இப்பவே சொல்லிரு. என்னால தாங்க முடியல."

நவ்ஷாத் பையை இறக்கி வைத்தான். அதன் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். வார் சரியாகத்தான் இருந்தது.

"நீங்க வேற ஆளப் பாத்துக்குங்கண்ணா."

வந்துவிட்டது. ஏழு வாரமாக எதற்குப் பயந்தானோ அது வந்துவிட்டது. மாசிலாமணி தலையை ஆட்டினான். "யாரு கூடப் போற?"

"யாரு கூடவும் இல்லண்ணா." நவ்ஷாத் வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "என்னால போட முடியல. பந்தத் தூக்கிப் போட்டா நீங்க திரும்புறீங்க. எனக்கு அந்த ரத்தம்தான் தெரியுது. இன்னொரு தடவை என் கையால ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் மட்டையத் தொடவே மாட்டேன்ணா. எங்க அம்மா கிட்டகூட இதைச் சொல்லல."

அவ்வளவு உயரமான பையன் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்க மாசிலாமணிக்கு மனசு பிசைந்தது. பயப்படுகிறவன் தான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் பயந்தான்டா," என்றான். ஜோடியிடம் அதை இதுவரை சொன்னதில்லை. "உன் பந்துன்னா அவ்வளவு பயம்."

கோகிலவாணி பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க," என்றாள்.

"கோச்," என்றான் மாசிலாமணி, "பயம் இன்னும் அப்படியேதான் இருக்கு. நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே."

அவள் மூக்குக் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஓர் ஓரத்தில் இன்னும் அழுக்கு இருந்தது போலிருக்கிறது. மறுபடி துடைத்தாள்.

மாசிலாமணி நடந்துபோய் நடுக்கோட்டில் குந்தினான். தலையைத் தாழ்த்தினான். முன்னால் வலை. வலைக்கு அப்பால் ஆளில்லாத மைதானம். பின்னால் நவ்ஷாத்தின் காலணி தேயும் சத்தம். முதுகெல்லாம் கூசியது. இடது புருவத்தின் கீழே ஆறிப்போன இடம் துடித்தது.

இடது கையைப் பின்னால் கொண்டுபோய் இரண்டு விரலை நீட்டினான். கை நடுங்கியது. இடுப்போடு சேர்த்து அழுத்திப் பார்த்தான். அப்படியும் நிற்கவில்லை. இதை நவ்ஷாத் பார்க்கிறானே என்று அவமானமாக இருந்தது. முஷ்டியாக மடக்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தான்.

பின்னால் பந்து தரையில் தட்டப்பட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. அடுத்தது மேலே போக வேண்டும். கழுத்து திரும்ப முயன்றது.

பந்து மேலே போகவில்லை. நான்காவது தடவையும் தரையில் தட்டிவிட்டு நின்றுவிட்டது.

"கோச்," என்றது நவ்ஷாத்தின் குரல், "அண்ணன் கை நடுங்குது."

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டான். விரலை மட்டும் மடக்கவில்லை.

பெஞ்சிலிருந்து கோகிலவாணி கேட்டாள். "எத்தனை விரல் தெரியுது?"

நவ்ஷாத் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் காலணி ஓர் அடி முன்னே தேய்ந்தது.

"ரெண்டு."

"அப்பப் போடுங்க தம்பி."